காற்று புகாத தொட்டி

பேருந்தில் அவள் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் முதல் நிறுத்தத்தில் ஜன்னலைத் திறப்பார். இரண்டாவது நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் தேடுவார். அழுகிய முட்டைக்கும் எரிந்த ரப்பருக்கும் நடுவில் ஒரு நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கிலிருந்து போகாது. அவளுக்கு அது பழகிப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கால் நீட்டிக்கொள்வாள்.

அவள் வேலை பார்த்த தொழிற்சாலை, மனித உடல் செய்யும் ஒரு புரதத்தைப் பாக்டீரியாவின் வயிற்றில் வளர்த்தெடுத்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோனவர்களுக்கு அந்தப் புரதம் ஊசியாகப் போகும். பாக்டீரியாவுக்கு மனிதப் புரதத்தின் மேல் என்ன அக்கறை? அவசர அவசரமாகச் செய்து, கசக்கி, கட்டி கட்டியாக ஒரு மூலையில் எறிந்துவிடும். அந்தக் கட்டிகளைப் பிரித்து, கழுவி, யூரியாவில் கரைத்து நூல் நூலாக அவிழ்க்க வேண்டும். பிறகு குளிர்ந்த கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விடுகிற விதமாக விட்டால், ஒவ்வொரு நூலும் தனக்குரிய உருவத்தில் தானே மடிந்துகொள்ளும். கரைசல் குடிநீர் போலத் தெளிந்து நிற்கும். தப்பாக மடிந்தால் வெள்ளையாகக் கலங்கிவிடும். கலங்கினதைக் கழிவுநீரில் கொட்டுவதைத் தவிர அங்கே யாரும் வேறு எதுவும் செய்ததில்லை.

மடிக்கிற வேலை அவளுடையது. நாலு டிகிரிக் குளிர் அறையில், மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இருபது ஆண்டு. பத்தொன்பது வயதில் கண்ணாடிக் குடுவைகள் கழுவச் சேர்ந்தவள். மாலை வகுப்பில் டிப்ளமா முடித்து மேலே வந்தாள். பட்டம் பெரிதாக இல்லை. ஆனால், ஒரு குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், கருவி சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே கலங்கப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அது ஒன்றும் தெய்வாம்சம் இல்லை. பல்லாயிரம் குடுவைகளைப் பார்த்த கண், அவ்வளவுதான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், புரதம் பேட்ச் பேட்ச்சாகக் கலங்கிக்கொண்டிருந்த காலம். டாக்டர் பட்டம் வாங்கிய மூன்று பேர் வந்து தோற்றுப் போனார்கள். நாலாவதாக வந்தவர்தான் துறைத்தலைவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. உட்கார்ந்து எழுந்தாலும் இருக்காது. தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி.

அவர் வந்த மாதத்தில் ஒரு குடுவையின் மூடி கை தவறி விழுந்து உடைந்தது. மாற்று மூடி வர ஒரு வாரம் என்றார்கள். அவள் குடுவையின் வாயில் மெல்லிய சல்லாத் துணியைக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்தக் குடுவை மட்டும் கலங்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பாள். இவள் ஆறு மாதம் விடவில்லை. ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மூடி, ஒன்றுக்குத் துணி. தேதி போட்டு, நேரம் போட்டு, கோடு போட்ட நோட்டில் எழுதி வந்தாள். இருபது ஜோடிகள். மூடி போட்டதில் பதினேழு கலங்கின. துணி கட்டியதில் ஒன்றே ஒன்று.

புரத நூலில் அங்கங்கே கந்தக அணுக்கள் இருக்கின்றன. சரியான இரண்டு கந்தகங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால்தான் மடிப்பு நிற்கும். பிடித்துக்கொள்ளக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவளும் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் இஸ்திரியிடம் போனாள்.

"சார், மூடி போட்டா மூச்சு முட்டுது சார் அதுக்கு. துணி கட்டினது நிக்குது."

அவர் நோட்டை வாங்கவில்லை. அவள் மேஜை மேல் வைத்ததைப் பேனாவால் ஒரு விரற்கடை தள்ளி வைத்தார்.

"துணி கட்டினா நிக்குமா? அப்ப மந்திரமும் சேர்த்துப் போட்டுடலாமே. இந்த பாரும்மா, காத்து பட்டா புரதம் கெடும். அது வேற பாடம். நீ படிச்சது பாதி."

அவர் முட்டாள் இல்லை. காற்று சில புரதங்களைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு இந்த உண்மையைப் பார்க்க அவர் மறுத்தார். படித்தவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது; படிக்காதவர்களிடம் நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது.

அவர் தன் பங்குக்குக் கரைசலில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கச் சொன்னார். அவள் சேர்த்தாள். கூடவே, யாருக்கும் சொல்லாமல், மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, பத்து நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டு மூடினாள். பேட்ச்கள் தெளிந்தன. ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது. எல்லாம் ஆர்ஜினினின் புண்ணியம் என்று இஸ்திரி கட்டுரை எழுதினார். பரிசு வாங்கினார். பரிசு வாங்கிய புகைப்படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது. அதில் அவர் சிரிக்கிறார். பக்கத்தில் தெளிந்த குடுவையை ஒரு கை தூக்கிப் பிடித்திருக்கிறது. நீல உறை போட்ட அந்தக் கை அவளுடையது. முழங்கைக்கு மேலே படத்தை வெட்டிவிட்டார்கள்.

அதையும்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒருநாள் குளிர் அறைக்கு விருந்தாளிகளைக் கூட்டி வந்தவர், அவள் மூடியைத் திறந்து கலக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"இது எங்க மூடியக்கா," என்றார். "பால் பொங்குதான்னு அடுப்புக்கு மேல எட்டி எட்டிப் பாக்குற மாதிரி, மணிக்கொரு தடவை திறந்து பாத்தாத்தான் இவங்களுக்குத் தூக்கம் வரும். பழக்கம்! விட்டுடறோம்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். கேன்டீனில் தண்ணீர்ப் பானையைத் திறந்தால், "மூடியக்கா வந்தாச்சு" என்பார்கள். அவளும் சிரிப்பாள். தன்னுடைய கண்டுபிடிப்பையே தன்னைக் கிண்டல் செய்யும் பெயராக மாற்றி, தன் முதுகில் ஒட்டிவிட்ட மனிதரை அவள் அன்று மனசில் குறித்துக்கொண்டாள். கோபம் சீக்கிரம் ஆறிவிடும் என்பார்கள். நாலு டிகிரியில் எதுவும் சீக்கிரம் கெடுவதில்லை.

வீட்டில் அவளுடைய கணவன் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். லென்ஸ் தேய்ப்பவன், அதிகம் பேசாதவன். அவனுடைய தம்பி மனைவியோடு மாடியில் இருந்தான். சமையல் எல்லோருக்கும் கீழே ஒன்றாக. கொழுந்தனுக்குத் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தது அவள்தான். பாக்டீரியா வளரும் பெரிய தொட்டிகளை இயக்குகிறவன் அவன். வாய் ஓயாது.

"அண்ணி, இன்னைக்கு முட்டை நாத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கே. உடம்பு சரியில்லையா?"

"உன் மூக்குல கோளாறு. சாப்பிடு."

"உங்க ஆளு இன்னைக்குப் புதுச் சட்டை. ஓரத்தைத் தொட்டா விரல் அறுந்துடும். பாத்து."

"என் ஆளாம்ல! இன்னொரு தடவை சொல்லு, கரண்டியால வாங்கிப்ப."

இப்படிப் போன வீட்டில், அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. இரண்டாயிரம் லிட்டர் புதுத் தொட்டி. கண்ணாடிக் குடுவைகளின் காலம் முடிந்தது. புதுத் தொட்டியில் தொடர்ந்து மூன்று பேட்ச் தெளிவாக வந்தால், அனுமதி கிடைக்கும். இஸ்திரி முழுத் தொழிற்சாலைக்கும் தலைவர் ஆவார். தொட்டியை இயக்கப்போவது கொழுந்தன்.

செய்முறை ஏட்டை இஸ்திரி தானே எழுதினார். நாற்பத்தாறு பக்கம். கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அவள் பொறுமையாகப் படித்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. தொட்டியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. கரைசலுக்கு மேலே நைட்ரஜன் வாயுவைப் போர்வையாகப் பரப்பி, காற்று முற்றிலும் விலக்கப்பட வேண்டும்.

ஒரு சொட்டு ஆக்சிஜன் இல்லாமல். இரண்டாயிரம் லிட்டர்.

அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. குளிர் அறையில் இருபது ஆண்டு வியர்க்காத கை.

இஸ்திரி மேஜையின் மறுகோடியிலிருந்து பார்த்தார். "என்ன மூடியக்கா, முப்பத்தொண்ணாம் பக்கமா? இனி எட்டிப் பாக்க முடியாதேன்னு வருத்தமா?"

சிரிப்பு எழுந்தது. கொழுந்தனும் சிரித்தான், எல்லோரும் சிரிக்கும்போது அவன் மட்டும் எப்படிச் சும்மா இருப்பான்?

"ஏதாவது கருத்து இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். அதை அவள் எட்டு ஆண்டுக்கு முன் ஒரு தடவை சொல்லியிருந்தாள். அவளுக்குள் யோசனை மிக வேகமாக ஓடியது. கலங்கிய பேட்ச் எந்த நோயாளியின் உடம்புக்கும் போகாது. சோதனையிலேயே நிற்கும், கழிவில் கொட்டப்படும். பழைய குடுவைச் சரக்கு இன்னும் ஓராண்டுக்கு இருக்கிறது, யாருக்கும் மருந்துத் தட்டுப்பாடு வராது. எழுதியவர் என்று ஏட்டில் இருப்பது ஒரே ஒருவருடைய கையெழுத்து. விழுந்தால் அவர் ஒருவர்தான் விழுவார். அவள் இவ்வளவையும் சரிபார்த்தாள். பழிவாங்குவதிலும் வேலை சுத்தம் வேண்டும் என்று நினைக்கிறவள் அவள்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "நீங்க எழுதினபடியே செஞ்சிடலாம்."

கடைசிப் பக்கத்தில் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முதல் பேட்ச்சுக்குக் கட்டிகளைக் கழுவிக் கரைத்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு. தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அந்த வேலையை அவள் செய்ததில்லை. நாலு தடவை கழுவ வேண்டியதை ஐந்து தடவை கழுவினாள். யூரியாவை அன்றே புதிதாகக் கரைத்தாள்; நேற்றுக் கரைத்தது புரதத்தைக் கடித்துவிடும். கரைசல் வெளிர் மஞ்சளில், பாகு போல, ஒரு தூசி இல்லாமல் நின்றது. "அண்ணி, இதுல மூஞ்சி பாக்கலாம் போல," என்றான் கொழுந்தன். நாளைக்குத் தவறு எங்கே என்று தேடும்போது, அவள் பக்கம் வந்து ஒருவரும் நிற்க முடியாது. அதற்காகத்தான்.

அவன் குழாயைத் திறந்தான். மஞ்சள் திரவம் சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த தொட்டிக்குள் இறங்கத் தொடங்கியது.

மறுநாள் மதியம் தொட்டியின் வட்டக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விளக்கொளி போகும் வழியில் லேசாக ஒரு புகை. ஒரு மணி நேரத்தில் புகை மூட்டமானது. மூன்று மணிக்குச் சுண்ணாம்புத் தண்ணீர். பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குள் இவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. இஸ்திரி ஓடிவந்தார். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய சட்டையின் மார்புப் பக்கம் ஈரத்தில் கசங்கியிருந்தது. அதைப் பார்த்ததில்தான் அவளுக்கு முழுத் திருப்தி.

அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தாள். கணவன் கடையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நாலு நாள் கழித்துத்தான் அவளுடைய கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. பேட்ச் கெட்டால் காரணம் எழுதியாக வேண்டும். காரணத்தைத் தேடுகிறவர் இஸ்திரி. அவர் தன் நாற்பத்தாறு பக்கத்தில் தேடவில்லை. தொட்டியின் வெப்பநிலை வரைபடத்தை விரித்து வைத்துத் தேடினார். கிடைத்தது. முதல் நாள் மதியம், பதினோரு நிமிடம், நாலு டிகிரி ஐந்தேகால் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நிமிடம் கொழுந்தன் கழிவறைக்குப் போயிருந்தான். அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தான். அதை ஒளிக்காமல் அன்றைய பதிவேட்டில் எழுதியும் இருந்தான்.

ஐந்தேகால் டிகிரியில் அந்தப் புரதத்துக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் போன நாட்களில் ஏழு டிகிரி வரை ஏறி, தெளிவாகவே நின்ற குடுவைகளை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது சின்ன ஆளாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பத்து நாளில் விசாரணை முடிந்ததும் நீக்கப்போகிறார்கள் என்று பேச்சு.

அவன் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, ரெண்டாயிரம் லிட்டரை ஒருத்தன் ஒண்ணுக்குப் போயே கெடுத்துட்டான்னா, அவன் எவ்வளவு பெரிய ஆளு பாருங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவனும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கணவன் சக்கரத்தில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் தேநீர் கொண்டுபோய் வைத்தாள். அவன் சக்கரத்தை நிறுத்தினான்.

"எதனால கலங்குச்சுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு எப்படி..."

"தெரியாதுன்னு சொல்லாத. கலங்கின அன்னைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் கழுவின. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் நீ பாடி நான் கேட்டதே இல்ல."

அவள் சொன்னாள். மூடி, துணி, நோட்டு, முப்பத்தொன்றாம் பக்கம், எல்லாம்.

"அந்த ஆளு விழணும்னுதான் செஞ்சேன்."

"சரி. விழுந்தது யாரு?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. சக்கரம் மறுபடியும் சுழன்றது.

அவள் அன்று முழுவதும் யோசித்தாள். போய் இஸ்திரியிடம் தனியாகச் சொல்லிவிடலாம். அவர் நன்றி சொல்லி, முப்பத்தொன்றாம் பக்கத்தை மாற்றி, அடுத்த மூன்று பேட்ச்சையும் தெளிய வைத்து, தலைவர் ஆகிவிடுவார். கொழுந்தன் பிழைப்பான். அவளுடைய பழி மட்டும் செத்துப்போகும். அதற்கு அவளுடைய மனம் ஒப்பவில்லை. கொழுந்தன் மீள வேண்டும், அந்த ஆளும் விழ வேண்டும். இரண்டும் ஒரே குடுவையில்.

திங்கட்கிழமை அவள் நேரே தரக் கண்காணிப்பு அதிகாரியிடம் போனாள். ஒவ்வொரு ஏட்டிலும் சிவப்பில் திருத்துவதால் அந்த அம்மாளுக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். சிரிக்கவும் மாட்டார், மிரட்டவும் மாட்டார்.

"ஒரு சந்தேகம் இருக்கு மேடம். காத்து இல்லாததால கலங்கியிருக்கலாம். ரெண்டு சின்னக் குடுவை போதும். ஒண்ணு மூடி, நைட்ரஜன், ஏட்டுல எழுதின மாதிரியே. இன்னொண்ணு துணி கட்டி. ஒரே கரைசல்."

"செஞ்சு காட்டுங்க."

"நான் செய்யக் கூடாது மேடம். நான் அந்தப் பையனுக்கு அண்ணி. என் கை பட்டா நம்ப மாட்டாங்க. சார் தன் கையாலயே விடட்டும். நான் அறைக்குள்ளயே வரல, கண்ணாடிக்கு வெளிய நிக்கறேன்."

சிவப்புப் பேனா தொலைபேசியை எடுத்தார்.

இஸ்திரிக்கு மறுக்க வழியில்லை. மறுத்தால் பயந்ததாக ஆகும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சட்டைக்கு மேல் கடன் வாங்கிய ஸ்வெட்டரோடு குளிர் அறைக்குள் போனார். இரண்டு குடுவைக்கும் மாறி மாறிச் சொட்டுவிட வேண்டும். ஆறு மணி நேரம். எட்டு ஆண்டில் பத்து நிமிடத்துக்கு மேல் அந்த அறையில் நிற்காதவர். அவள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு அவருடைய உதடு நீலமானது. பன்னிரண்டு மணிக்குக் கையை அக்குளில் வைத்துக்கொண்டார். அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நல்லதாயிற்று என்று விட்டுவிட்டாள்.

ஒரு மணிக்கு அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"எங்க சார்?" என்றார் சிவப்புப் பேனா.

"ஒரு நிமிஷம்... பாத்ரூம்..."

"போங்க. குளிர்ல எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா நேரத்தை எழுதிக்கறேன்."

அவர் திரும்பி வர ஒன்பது நிமிடம் ஆனது. அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவும் இல்லை. கருவியின் முள் ஐந்தரைக்கு ஏறியது. அந்த அம்மாள் அதையும் எழுதினார். அவள் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு நன்றாக நடக்கும் என்று அவள் திட்டமிட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் இரண்டு குடுவைகளையும் மேஜை மேல் வைத்தார்கள். கொழுந்தனையும் வரச் சொல்லியிருந்தார்கள். மூடி போட்டது வெள்ளை. துணி கட்டியது தெளிவு. அதன் வழியாக எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். அதே கரைசல், அதே கை, அதே ஒன்பது நிமிடம், அதே ஐந்தரை டிகிரி.

"அப்ப டெம்பரேச்சர் காரணம் இல்ல," என்றார் சிவப்புப் பேனா. "ஆள் வெளிய போனதும் காரணம் இல்ல."

கொழுந்தன் மூச்சை விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அண்ணியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. இஸ்திரி மட்டும் குடுவையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆண்டில் முதல் தடவையாக அவளை முழுசாகப் பார்த்தார்.

"நல்ல ஊகம்," என்றார் அவர், மெதுவாக. "எதேச்சையா இவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு. பாராட்டணும். ஏட்டைத் திருத்திடறேன்."

எதேச்சையாக. அந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அவரால் முடியும். திருத்திய ஏட்டிலும் அவர் பெயர்தான் இருக்கும்.

சிவப்புப் பேனா அவள் பக்கம் திரும்பினார். "ஒரு கேள்வி. எழுதியாகணும். பேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடியே இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் வேலை நிலைக்கும். ஏட்டில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது, ஆனால் சந்தேகம் பிறகு வந்தது என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் தெரியாது என்றால், ஆறு மாதமும் இருபது ஜோடிக் குடுவைகளும் நடக்கவே இல்லை. அந்த ஆள் சொன்ன எதேச்சையே மிஞ்சும். அவரை விழவைக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொருள். அதை எடுத்தால் தன்னையும் வெட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"தெரியும் மேடம். எட்டு வருஷமாத் தெரியும். தேதி இருக்கு, பாருங்க. மூணாம் பக்கத்துல, சார்கிட்ட சொன்ன நாளும் அவர் என்ன சொன்னார்ங்கறதும் இருக்கு. ஒரு எழுத்து மாத்தல."

அந்த அம்மாள் மூன்றாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். மந்திரமும் போட்டுடலாமே என்ற வரி வரை படித்தார். இஸ்திரியின் முகம் வெளுத்துப்போனதை அவள் நிதானமாகப் பார்த்தாள். அது வேண்டியிருந்தது, கிடைத்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அவர் விழணும்னு, மேடம்."

சொன்ன பிறகுதான் கொழுந்தனின் நினைவு வந்தது. திரும்பினாள். அவன் கண்ணில் இருந்த ஈரம் அப்படியே இருந்தது. முகம் மட்டும் மாறிவிட்டது.

"அப்ப, நான் குழாயைத் திறந்தப்பவே... உங்களுக்குத் தெரியும்," என்றான் அவன். அண்ணி என்று சேர்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. இஸ்திரி தலைவர் ஆகவில்லை. கண்டுபிடிப்பைச் சொல்லியும் கேட்காதவர் என்று எழுதி, அவரைச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டு அவரே விலகிப் போனார். அவளைத் தெரிந்தே மறைத்தவள் என்று எழுதி நீக்கினார்கள். அதில் அவளுக்குப் புகார் இல்லை. இரண்டுமே உண்மை. கொழுந்தனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தொட்டியின் மூடியில் காற்றை வடிகட்டி உள்ளே விட ஒரு குழாய் பொருத்தினார்கள்.

அவள் கடையில் கணவனோடு உட்கார்ந்து லென்ஸ் துடைத்தாள். ஒரு மாதத்தில் விரல் இடுக்கு நாற்றம் போய்விட்டது. மாடியில் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள். கொழுந்தன் கடை வழியாகப் போக வேண்டும் என்பதால் அவனைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. அவன் முறைக்கவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்க", "இல்லைங்க" என்று அளந்து பேசினான்.

ஒரு மாலை அவன் வேலை முடிந்து வந்தான். அவன் மேல் அந்த நாற்றம் அடித்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். அன்றோடு மூன்றாவது பேட்ச் முடிந்திருக்க வேண்டும். அவள் நாட்காட்டியில் எண்ணி வைத்திருந்தாள்.

"மூணாவது வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"தெளிவா?"

"ம்."

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். "நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து விடறீங்க? ரொம்ப விட்டா நுரைக்குமே. கலக்கற வேகம் குறைச்சீங்களா? எத்தனையாவது மணி நேரத்துல எடுத்தீங்க?"

அவன் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். பதில் அவனுக்குத் தெரியும். உலகத்தில் அதைத் தெரிந்துகொள்ள அவளைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். முகத்தில் கோபம் இல்லை. நிதானமாக யோசித்துத்தான் சொன்னான்.

"அதெல்லாம் வெளியாளுங்களுக்குச் சொல்லக் கூடாது அண்ணி. விதி."

படியேறிப் போனான். மாடிக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவள் அங்கேயே நின்றாள். நெஞ்சு எரிந்தது. ஆனாலும் இருபது ஆண்டு வேலை பார்த்த கண்ணோடு அவன் சொல்லிவிட்டுப் போனதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒரு சிதறல் இல்லை, ஒரு வார்த்தை அதிகம் இல்லை. சுத்தமான வேலை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு லென்ஸை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.